இரண்டாம் தாள்

மார்ச் 3, திங்கள்

போன வருஷம் மில்லில் கொடுத்த டைரி, ஒரு வரிகூட எழுதாமல் கிடந்தது, இன்று வேலைக்கு வந்திருக்கிறது. அச்சடித்த தேதிகளை அடித்துவிட்டு என் தேதிகளைப் போட்டுக்கொள்கிறேன். எழுதச் சொன்னது மருத்துவமனையில் ஆலோசனை சொல்லும் டெய்சிராணி. "எப்பெப்போ ஆசை வருது, அப்ப என்ன பண்ணிட்டு இருந்தீங்கன்னு எழுதுங்க மேடம். எழுதறப்ப கை சும்மா இருக்காதில்ல?" சின்னப் பெண். விஷயத்தைக் கேட்டு முகம் மாறாத முதல் ஆள். அதற்காகவாவது எழுதலாம்.

தம்பி பூபதிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. பதினான்கு மாதமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அம்மாவுக்குச் சர்க்கரை. அவன் மனைவி யமுனாவுக்கு ரத்தவகை சேரவில்லை. எனக்குச் சேர்கிறது. நான் ஒன்றைக் கொடுப்பது என்று முடிவாகிவிட்டது. இன்று படிவம் நிரப்பிய டாக்டர், "ஸ்மோக் பண்றதில்லையே?" என்று தலை தூக்காமலே 'இல்லை' கட்டத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனார். "பண்ணுவேன் டாக்டர். ஒரு நாளைக்கு நாலஞ்சு" என்றேன். பேனா நின்றது.

ஆறு வாரம் முழுக்க விட வேண்டும். அதன் பிறகு ஒரு பரிசோதனை. தேறினால்தான் ஆபரேஷன். ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். எண் விறுவிறுவென்று ஏறியது. நான் ரத்தம் கொடுத்துவிட்டு வரும்போது டெய்சிராணி என்னோடு வந்திருந்த அவரிடம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். என் கையில் மூலையில் பின் அடித்த இரண்டு தாள் கொடுத்தாள். ஆட்டோவில் முதல் தாளைப் பாதி படிப்பதற்குள் குமட்டியது. ஓடும் வண்டியில் எனக்குப் படிக்க வராது. "குடு, ஃபைல்ல வைக்கறேன்" என்று அவர் வாங்கிக்கொண்டார்.

அவர் என்றால் என் கணவர் திருமூர்த்தி. கூட்டுறவு சங்கத்தில் எழுத்தர். எங்கள் வீட்டில் ஃபைல், ரசீது, வாரண்டி அட்டை எல்லாம் அவர் இலாகா. நான் புகைப்பது நேற்று வரை இந்த உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கல்லூரி ஹாஸ்டலில் தொற்றிய பழக்கம். கல்யாணமான இரண்டாம் வருஷம் மொட்டை மாடியில் கையும் களவுமாகப் பிடிபட்டேன். அவர் கத்தவில்லை. மறுநாள், "நீ கடையில போய் நிக்காத வாணி. நான் வாங்கியாறேன்" என்றார். இருபது வருஷமாக மூன்று தெரு தள்ளியிருக்கும் பெட்டிக்கடையில் அவர்தான் வாங்குகிறார். ஒரு நாள் ஒரு இழுப்பு இழுத்ததில்லை. ஆனால் தெருவும், என் அம்மாவும், பூபதியும், யமுனாவும் புகைப்பவர் அவர் என்றுதான் நம்புகிறார்கள். துணி துவைக்கும் பால்கனியில் நின்று நான் விடும் புகைக்கு அவர் பெயர்.

கடைசி சிகரெட் மாலை 6.40. பாதிக்கு மேல் ருசிக்கவில்லை. ஆனாலும் முடித்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

காபி குடித்த கையோடு கால் தானாகப் பால்கனிக்குப் போனது. போனதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று வாஷிங் மெஷினைத் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

மார்ச் 5, புதன்

மில் கேட்டில் தீப்பெட்டி, லைட்டர் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவார்கள். பஞ்சு இருக்கும் இடம். பதினெட்டு வருஷமாக ஒன்பது மணியிலிருந்து ஐந்து வரை நான் புகையில்லாமல்தான் இருந்திருக்கிறேன். ஆறு வாரம் என்ன பிரமாதம் என்று நினைத்திருந்தேன். ஐந்து மணிக்கு ஒன்று காத்திருக்கிறது என்ற தைரியத்தில்தான் அந்த எட்டு மணி நேரமும் ஓடியிருக்கிறது என்று இன்று தெரிந்தது.

நூல் எவ்வளவு இழுத்தால் அறுகிறது என்று பார்ப்பது என் வேலை. ஒரே நூல் கோனை நான்கு முறை சோதித்தேன். நான்கு முறையும் ஒரே விடை. இருந்தாலும் கோன் கொண்டுவந்த பெண்ணைத் திட்டினேன். அவள் என் மேஜையில் ஒரு தேன்மிட்டாய் வைத்துவிட்டுப் போனாள். வீட்டில் ஏதோ சண்டை என்று நினைத்திருப்பாள்.

மார்ச் 7, வெள்ளி

தலை இரண்டாகப் பிளக்கிறது. வயிறு மூன்று நாளாக நகரவில்லை. குழாயில் சொட்டும் தண்ணீர்ச் சத்தத்துக்கு அழுதேன். சுவரில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு நின்றதை அவர் பார்த்துவிட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கேட் திறக்கும் சத்தம் கேட்டு வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே வந்தார். ஸ்கூட்டரில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாராம். கையில் மெடிக்கல் கடைக் கவர்.

"நிகோடின் கம்முன்னு ஒண்ணு இருக்குதாம். மென்னா தலைவலி நின்னுருமாம்."

"இது மெல்லலாமாங்க?"

"பொகைதான வேண்டாங்கறாங்க. இதுல ஏது பொகை?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஊதிப் பார்க்கும் கருவிக்குப் புகைதானே தெரியும்? நான் வேதியியல் படித்தவள். ஒன்றை மென்று கன்னத்தில் ஒதுக்கினேன். மிளகைக் கடித்த மாதிரி தொண்டை எரிந்தது. கால் மணி நேரத்தில் தலையிலிருந்து யாரோ கையை எடுத்த மாதிரி இருந்தது.

எனக்கு அழுகை வந்தது, இந்த முறை நன்றியில். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கவரை மடித்துக்கொண்டிருந்தார். அவர் எந்தக் கவரையும் எறிவதில்லை.

மார்ச் 9, ஞாயிறு

பூபதி வீட்டுக்குப் போனோம். மோட்டார் காயில் கட்டும் அவன் கடையை இப்போது வேலையாட்கள்தான் பார்க்கிறார்கள். அவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான் கணக்கு. யமுனா காலையிலேயே அளந்து பாட்டிலில் ஊற்றி வைத்துவிடுகிறாள். அவன் ஐஸ்கட்டி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, அதை எவ்வளவு நேரம் கரையாமல் வைத்திருக்க முடியும் என்று பார்க்கிறான்.

"இப்பல்லாம் நான் ஐஸ்கட்டி சப்பறதுல டாக்டரேட்டுக்கா" என்றான். "கிட்னி வந்தவொடனே மொதல்ல ஒரு சொம்பு மோரு. நீ குடுக்கற கிட்னிக்கு மோருலதான் கன்னி அபிஷேகம்."

"வாயப் பாரு" என்றாள் யமுனா. என் பக்கம் திரும்பி, "அண்ணி, டெஸ்ட்டெல்லாம் சரின்னு சொல்லிட்டாங்களா?" என்றாள்.

"ஒண்ணே ஒண்ணு பாக்கி" என்றார் அவர் எனக்கு முன்பாகவே. "ஏப்ரல்ல எடுப்பாங்க."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்த மாப்பிள்ளைங்க இதுக்குச் சம்மதிப்பாரு?" என்று அழுதாள். அவர் கையை இழுத்துக்கொள்ளாமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருந்தன்மையானவர்களுக்கு வரும் கூச்சம் என்று நினைத்தேன்.

மார்ச் 14, வெள்ளி

பதினோராம் நாள். தினம் நான்கு கம். காலையில் காபி டம்ளர் பக்கத்தில் அவரே ஒன்றைப் பிரித்து வைத்துவிடுகிறார். மாலை நான் கேட்டைத் திறக்கும்போது இன்னொன்று. முன்பு இப்படித்தான் சிகரெட்டையும் தீப்பெட்டியையும் சேர்த்து வைப்பார்.

ஊறுகாய்க்கு மாங்காய் வாங்கினேன். உப்பில் போட்டாயிற்று.

மார்ச் 20, வியாழன்

கணவர் சம்மதப் படிவம் வந்தது. அவர் நான்கு பக்கத்தையும் ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு கேட்டார்: "உனக்குப் பயமா இல்லையா?"

"இருக்குது. யாருக்குத்தான் இருக்காது?"

"ஒண்ணோட இருந்தர்லாங்கறாங்க. அந்த ஒண்ணுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"உங்களுக்கு வேண்டாம்னு இருக்குதா?"

"நான் எங்க வேண்டான்னேன்?" சட்டென்று பேனாவை எடுத்தார். நான்கு இடத்திலும் கையெழுத்து. எப்போதும் போல மணி மணியாக.

எங்களுக்குக் குழந்தை இல்லை. இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை. படிவத்தில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார், அதனால் இருக்கலாம்.

மார்ச் 29, சனி

இன்று ஒரு மணி நேரம் சிகரெட்டை நினைக்கவே இல்லை. நினைக்கவில்லை என்று நினைத்ததும் போயிற்று.

ஏப்ரல் 6, ஞாயிறு

மூக்கு திரும்பி வந்திருக்கிறது. கொத்தமல்லிக் கட்டைப் பிரித்தபோது அந்த வாசனை அடித்த அடியில் அப்படியே நின்றுவிட்டேன். இருபத்தைந்து வருஷமாக எதை முகர்ந்துகொண்டிருந்தேன்? வெட்கமான விஷயமும் உண்டு. பால்கனிச் சுவரில் என் பக்கம் மட்டும் மஞ்சள் பூத்திருக்கிறது. சுண்ணாம்பு அடிக்க வேண்டும்.

கம்மையும் நிறுத்திவிடலாம் என்று சொன்னேன். தாடை வலிக்கிறது.

"அவசரப்படாத. டெஸ்ட் முடியட்டும். நடுவுல நிறுத்தி, நீ பழையபடி சிகரெட்டத் தேடிப் போயிட்டா அத்தனையும் வீணாப் போயிரும்."

அதுவும் சரிதான். என்னைவிட என்னை அவருக்குத் தெரியும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

நாற்பத்து மூன்றாம் நாள். ஊதச் சொன்னார்கள். பச்சை விளக்கு எரிந்தது. எழுந்திருக்கப் போனேன். "இருங்க மேடம், யூரின் சாம்பிளும் வேணும்" என்று மூடி போட்ட சிறிய டப்பாவைக் கொடுத்தார்கள்.

"ஊதிட்டேனே?"

"அது சும்மா. இதுதான் மெயினு."

வெளியே வந்து அவரிடம் சொன்னேன். "ஓஹோ" என்றார். டீ குடிக்கலாமா என்று கேட்டார். டீக்கடைக்காரர் மீதிச் சில்லறை கொடுக்க, இவர் வாங்காமலே நடந்தார்.

ஏப்ரல் 17, வியாழன்

தேறவில்லை.

டாக்டர் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். உடம்பில் நிகோடின் இருக்கிறது, கொஞ்சநஞ்சமல்ல. "நீங்க விட்டுட்டதாச் சொல்றீங்க. இது வேற சொல்லுது." நான் தொடவில்லை என்றேன். எத்தனையோ பேர் இப்படிச் சொல்லிக் கேட்டவர் மாதிரித் தலையாட்டினார். டெய்சிராணியைப் பார்க்க வேண்டும் என்றேன். ஈஸ்டருக்கு ஊருக்குப் போய்விட்டாளாம், திங்கள்தான் வருவாள். அடுத்த பரிசோதனை மூன்று வாரம் கழித்து. ஆபரேஷன் தேதி ரத்து.

எனக்கு முதலில் தோன்றியது, சாம்பிள் மாறியிருக்கும் என்பதுதான். மில்லில் தேறாத நூலைக் கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் அதைத்தான் சொல்வார்கள்.

வராந்தாவில் யமுனா நின்றிருந்தாள். டாக்டர் சொன்னதில் 'புகையிலை' என்ற வார்த்தை அவள் காதில் விழுந்திருக்கிறது. "அண்ணி… உங்களுக்கா?" என்றாள்.

அவர் முன்னே வந்தார். "எல்லாம் என்னாலதாம்மா. நான் வீட்டுக்குள்ள ஊதற பொகை இவளுக்கு ஏறியிருக்குது. இனி தொடமாட்டேன்."

யமுனா அவரைப் பார்த்த பார்வையை நான் இதுவரை எவர் மீதும் விழக் கண்டதில்லை. "அண்ணா, ஒரு ஒன்றரை மாசம் உங்களால அடக்கிக்கிட்டு இருக்க முடியலையா?" என்றாள். அவர் தலை குனிந்து நின்றார். நான் அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, எனக்கு வர வேண்டிய திட்டில் அவரை நனையவிட்டேன். வரும் வழியில் அவர் தோளில் தலை சாய்த்துக்கொண்டு, "நீங்க மட்டும் இல்லைன்னா" என்றேன்.

இன்று டாக்டர் அறையில் இன்னொன்றும் நடந்தது, என் மனசுக்குள். அதை எழுதப் போவதில்லை.

ஏப்ரல் 19, சனி

பூபதி ஐ.சி.யூ.வில். தேதி தள்ளிப்போனது தெரிந்ததும் நேற்று யாரும் பார்க்காதபோது தண்ணீர்ப்பானைக்குப் போய்ச் சொம்பு சொம்பாகக் குடித்திருக்கிறான். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. காலையில் உட்கார்ந்த நிலையில் மூச்சுக்குத் தவித்திருக்கிறான்.

யமுனா பிளாஸ்டிக் நாற்காலியில், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. "வெறுப்புல குடிச்சுட்டாருங்க அண்ணி. 'இனி என்னத்துக்கு அளந்து குடிக்கோணும்'னு கேட்டாரு."

அவர் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார். அடுத்த நொடி படிக்கட்டில் இறங்கிப் போய்விட்டார். அரைமணி நேரம் கழித்து, முகம் கழுவி, சட்டை நனைந்து வந்தார்.

ஏப்ரல் 21, திங்கள்

பூபதியை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். குரல் வெளியே வரவில்லை. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

நான் மட்டும் மூன்றாம் மாடிக்கு ஏறி டெய்சிராணியைப் பார்த்தேன். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அவள் என்னைத் திட்டவில்லை. "கம்மு, ஒட்டற பட்டை, ஏதாச்சும் யூஸ் பண்ணீங்களா மேடம்?"

"கம். ஆரம்பத்துலேருந்தே."

"ஐயோ. சாதாரணமா நானே குடுப்பேன் மேடம். ஆனா உங்க டெஸ்ட்டுல நிகோடின் எதுலேருந்து வந்தாலும் காட்டும். ரெண்டாவது பேஜ்ல கட்டம் கட்டிப் போட்டிருக்குமே? 'கம்மும் கூடாது. தாங்க முடியலைன்னா ஃபோன் பண்ணுங்க'ன்னு."

"ரெண்டாவது பேஜா?"

"நீங்க பிளட் குடுக்கப் போயிருந்தப்ப சார்கிட்டயும் சொன்னேனே. ரெண்டு தடவை கேட்டுக்கிட்டாரு. 'அப்ப கம் மென்னா ஃபெயில் ஆயிருமாங்க?'ன்னு."

மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டுக்குள் ஒரு மயிலிறகுத் துண்டு இருந்தது. அதையே வெகுநேரம் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து ஃபைலை எடுத்தேன். முதல் தாள் இருந்தது. மூலையில் பின் அடித்த இரண்டு ஓட்டை. பின் இல்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

லீவு போட்டேன். அவரும் சங்கத்துக்குப் போகவில்லை. காலையில் சமையலறையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். இந்த டைரியை எடுத்துக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"ரெண்டாவது தாள் எங்கங்க?"

"எந்தத் தாளு?"

மார்ச் 3-ஐ வாசித்தேன். 'மூலையில் பின் அடித்த இரண்டு தாள் கொடுத்தாள்… குடு, ஃபைல்ல வைக்கறேன் என்று அவர் வாங்கிக்கொண்டார்.' பிறகு மார்ச் 7. 'கேட் திறக்கும் சத்தம் கேட்டு வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே வந்தார்.' என் கையெழுத்துதான். எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன், கண் தெரியாதவள் மாதிரி.

கையிலிருந்த பீன்ஸை நறுக்கி முடித்தார். எழுந்து வெளியே போனார். ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கும் சத்தம். ஆர்.சி. புத்தகத்து உறைக்குள்ளிருந்து எட்டாக மடித்த தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கிழித்துப் போடக்கூட இல்லை. எந்தத் தாளையும் கிழிக்க வராத மனுஷர்.

"அன்னிக்கே எடுத்துட்டேன். எதுக்குன்னு அப்பத் தெரியல. கம்மு வாங்கப் போனது நீ துடிக்கறதப் பாக்க முடியாமத்தான், சாமி சத்தியமா. வாங்கிட்டு வாசல்ல வண்டிய நிறுத்தறப்பத்தான்…" நிறுத்தினார்.

"நிறுத்தறப்ப?"

"இதக் குடுத்தா உனக்குத் தலைவலியும் போயிரும், ஆபரேசனும் போயிரும்னு தோணுச்சு."

"வேண்டாம்னா வாயத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? நான் கேட்டேன். மார்ச் இருபதாந்தேதி. அதுவும் இதுல இருக்குது, படிக்கட்டுமா?"

"எந்த வாயில சொல்றது வாணி? அவன் என் மச்சான். உங்கம்மா என் கையப் புடிச்சுட்டு அழுகறாங்க. நான் வேண்டான்னா ஊரு என்ன சொல்லும்? நீ என்ன சொல்லுவ? டெஸ்ட்டே வேண்டான்னு சொல்லிட்டா ஆருக்கும் கெட்ட பேரு இல்லீல்ல."

"எனக்குத்தான் கெட்ட பேரு. திருட்டுத்தனமா ஊதறான்னு டாக்டர் நினைச்சாரு."

"அதத்தான் நான் என் தலைமேல போட்டுக்கிட்டேனே!"

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் உண்மையாகவே ஒரு நியாயம் இருந்தது. அதுதான் தாங்கவில்லை. பீன்ஸ் தட்டைத் தட்டிவிட்டேன்.

"அவனுக்கு நெஞ்சுல தண்ணி கோத்துக்கிச்சு. செத்திருப்பான்."

"தெரியும்." அவர் குனிந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்க ஆரம்பித்தார். "எனக்கு நீ ஒருத்திதான் இருக்கற."

இருபது வருஷம். அவர் கையால் வாங்கி வந்ததை ஒரு நாள்கூடத் திருப்பிப் பார்க்காமல் வாயில் வைத்திருக்கிறேன். உலகத்தில் யாருக்கும் தெரியாத என்னை அவரிடம் மட்டும் கொடுத்து வைத்திருந்தேன். எங்கே கை வைக்க வேண்டும் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அங்கேயே வைத்திருக்கிறார்.

ஏப்ரல் 24, வியாழன்

கம் எல்லாவற்றையும் குப்பையில் போட்டேன். மறுபடி முதல் நாள் மாதிரி. இந்த முறை யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் 26, சனி

பேசுவதில்லை. காபி டம்ளர் பக்கத்தில் எதுவும் வைக்க அவருக்குத் தைரியமில்லை. பால்கனிச் சுவருக்கு அவரே சுண்ணாம்பு அடித்திருக்கிறார். அவர் பக்கம், என் பக்கம், எல்லாம் ஒரே வெள்ளை. பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது.

மே 1, வியாழன்

பூபதி வீட்டுக்கு வந்துவிட்டான். யமுனாவையும் வைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னேன்: புகைத்தது நான், அவர் அல்ல, ஒருபோதும் அல்ல.

பூபதி ஐஸ்கட்டியை வாயிலிருந்து எடுத்தே விட்டான். "ஏக்கா, இருவது வருசமா மாமா பேர்லயா வண்டி ஓட்டுன? நான் வேற அவருக்குப் பொங்கலுக்குப் பொங்கல் அட்வைஸ் பண்ணிட்டிருந்தேன்! ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலையே மனுசன்." சிரித்து, இருமி, மறுபடி சிரித்தான்.

யமுனா சிரிக்கவில்லை. "அப்ப டெஸ்ட்டுல வந்தது?" என்று கேட்டாள்.

"ஒரு கம் மென்னேன். அது கூடாதுன்னு எழுதியிருந்ததாம். தாளைச் சரியாப் படிக்கல. தப்பு என் மேலதான்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எழுதத் தெரியவில்லை.

மே 4, ஞாயிறு

ஏப்ரல் 17 அன்று எழுதாமல் விட்டதை இன்று எழுதிவிடுகிறேன். அவரை மட்டும் இதில் மாட்டிவைத்துவிட்டு நான் தப்பிக்க முடியாது.

'தேறவில்லை' என்று டாக்டர் சொன்ன அந்த ஒரு வினாடி, எனக்கு நிம்மதியாக இருந்தது. வயிற்றுக்குள் எதுவோ அப்பாடா என்று உட்கார்ந்தது. பூபதி முகம் அப்புறம்தான் வந்தது.

இன்னொன்று. இரண்டு தாள் என்று எனக்குத் தெரியும். ஒன்றுதான் ஃபைலில் இருக்கிறது என்று மார்ச் இரண்டாம் வாரமே பார்த்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் தலைவலி திரும்பி வந்திருக்கும்.

இதனால் அவர் செய்தது சின்னதாகிவிடவில்லை. ஒரு இம்மி கூட இல்லை. அவர் தெரிந்து செய்தார். நான் தெரிந்துகொள்ளாமல் இருந்தேன்.

மே 10, சனி

தேறிவிட்டேன். டாக்டர் கை கொடுத்தார். ரிப்போர்ட்டை நானே வாங்கி, நானே ஓட்டை போட்டு, ஃபைலில் கோத்தேன்.

மே 14, புதன்

அனுமதிக் குழு. மூன்று பேர், நடுவில் வயதான பெண் டாக்டர். மூலையில் வீடியோ எடுக்கும் ஆள். யாராவது வற்புறுத்தினார்களா, பணம் கிணம் உண்டா என்று என்னிடம் கேட்டார்கள். இல்லை என்றேன். பிறகு அவரிடம்.

"உங்க மனைவி கிட்னி தானம் பண்றதுல உங்களுக்கு முழுச் சம்மதமா?"

ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. கையெழுத்துப் போட்ட படிவம் அந்த அம்மாவின் முன்னால்தான் இருந்தது.

"சார்?"

"இல்லீங்க" என்றார். என் பக்கம் பார்க்கவில்லை. "எனக்குப் பயமுங்க. சம்மதமான்னு கேட்டா இல்லீங்க. ஆனா முடிவு அவளோடதுங்க. நான் தடுக்க மாட்டனுங்க." படிவத்தில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். "இனிமே தடுக்க மாட்டனுங்க."

"இப்படியே எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்குங்க."

எழுதினார்கள். என்னிடம் மறுபடி கேட்டார்கள். "கணவர் பயப்படறார். உங்க முடிவு?" "அதேதான்" என்றேன். அனுமதி கிடைத்துவிட்டது.

படியிறங்கும்போது அவரை விட்டுவிட்டு வேகமாக முன்னே நடந்தேன். கோபத்தில்தான். எத்தனை சுலபமாக வந்துவிட்டது அந்த வாக்கியம், முன்பின் தெரியாத மூன்று பேருக்கும் ஒரு கேமராவுக்கும் முன்னால். இதை மார்ச் மாதம் என் சமையலறையில் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பத்து நாள் பேசாமல் இருந்திருப்பேன். பிறகு அவர் நெஞ்சில் தலை வைத்து, எனக்கும் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். அதைச் சொல்ல எனக்கு இனி ஆள் இல்லை.

மே 20, செவ்வாய்

மருத்துவமனையில் இருந்து எழுதுகிறேன். நாளை காலை ஏழரைக்கு. கம்மை நிறுத்தி இருபத்தேழு நாள். சிகரெட்டை விட்டு எழுபத்தெட்டு. இப்போது ஒன்று கிடைத்தால் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுவேன் போல இருக்கிறது. டெய்சிராணி வந்து பார்த்து, "பத்து நிமிஷம், மேடம். எந்த ஆசையும் பத்து நிமிஷத்துக்கு மேல நிக்காது" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஏழு நிமிஷம் ஆகியிருக்கிறது.

பூபதி எதிர் அறையில். கதவு வழியாக, "அக்கா, மோரு ரெடியா?" என்று கத்தி நர்ஸிடம் திட்டு வாங்கினான்.

சேர்க்கைப் படிவத்தில் 'உடனிருப்பவர் பெயர்' என்று ஒரு கட்டம். அதன் முன் வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு இருந்தேன். யமுனா அவனோடு இருப்பாள். அம்மாவால் முடியாது. வேறு யார் பெயர் எனக்கு இருக்கிறது? 'திருமூர்த்தி' என்று எழுதினேன். 'உறவு' என்ற கட்டத்தில் 'கணவர்'.

அவர் துண்டு, பிளாஸ்க், மாற்றுத் துணி எல்லாவற்றையும் அலமாரியில் அடுக்கினார். பிறகு கட்டில் பக்கம் வந்து, வழக்கம் போலக் கையை நீட்டினார்.

"ஃபைலக் குடு வாணி. நான் வச்சுக்கறேன்."

"வேண்டாம்" என்றேன். "இங்கயே இருக்கட்டும்."

தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு தாளும் அதில் இருக்கின்றன. நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, நான் பார்க்கக்கூடிய இடத்தில் உட்கார்ந்தார்.